மேல் டிவிசன்

தோட்டத்தில் மேல் டிவிசன் என்றால்
லொறி ஏறாத இடம்.
வலயக் காரியாலயத்துச் சுற்றறிக்கையில்
மேல் பிரிவு என்றால் கௌரவமாம்.
அதிபர் காலைக்கூட்டத்தில் இரண்டு தடவை வாசித்தார்.
கைதட்டினோம்.

அதுவரை ஐந்து பள்ளிக்கூடங்கள்:
நோர்வூட், பொகவந்தலாவை, மஸ்கெலியா, டிக்கோயா,
சாமிமலையில் நாங்கள்.
ஐந்தும் தார்க்களம், ஐந்திலும் ஒரு பக்கம் சரிவு.
எங்கள் கீழ்வளையத்துக்குப் பின்னால் தேயிலை.
பந்து உருண்டால் எதிரணியும் இறங்கித் தேடும்,
அட்டை கடிக்கக் கடிக்க.

புள்ளித்தாள் எழுதுகிறவன் நான்; உயரம் போதாது.
பழைய தாள்களைப் புரட்டுங்கள்:
31–29.
40–41.
ஒருமுறை 28–28, மேலதிக நேரத்திலும் சமன்,
கடைசி பஸ்ஸுக்காக நடுவர் காசு சுண்டிப் போட்டார்.
யார் வெல்வார்கள் என்று
மழைக்குக்கூடத் தெரியாது.

இப்போது கண்டி.
விடியக்காலை மூன்றரைக்கு வேன்,
கினிகத்தேனை வளைவில் டிலக்சன் வாந்தி எடுப்பான்.
உள்ளரங்கு. மரத்தளம்.
தட்டிய பந்து தட்டிய கைக்கே வருகிறது,
எங்களுக்கு அது பழக்கமில்லை.
84–17.
91–22.
அவர்கள் பக்கம் கோடு போட்டுப் போட்டே
என் பேனை தீர்ந்தது.
அவர்களுடைய தாள் எழுதுகிறவன் தன் பேனையைத் தந்தான்.
நல்ல பையன். அதுதான் தாங்க முடியவில்லை.

அவர்களுடைய பயிற்றுநர்
எங்கள் கிருபாகரனைக் கண்ணால் அளந்தார்.
விடுதி, சப்பாத்து, உயர்தரம், எல்லாம் இலவசம்.
அடுத்த வருசம் அவன் பெயரை
பழக்கத்தில் எங்கள் பக்கம் எழுதி
வெட்டிவிட்டு
அந்தப் பக்கம் எழுதினேன். அன்றைக்குப் பத்தொன்பது புள்ளி.
போகாதே என்று
நானும்தான் சொல்லவில்லை.

அட்டன் பஸ் ஸ்டாண்டில் நோர்வூட் மரியசீலன்.
கையில் சொப்பிங் பேக், அதற்குள் கிண்ணம்.
"ஆறுக்கு ஆறு வெண்டுட்டோம்" என்றான்,
கடன் கட்டி முடித்தவன் மாதிரி.
"சந்தோசமா?"
பேக்கை மற்றக் கைக்கு மாற்றினான்.
"ஒருத்தனும் ரெண்டு புள்ளியில தோக்க மாட்டேங்கிறான்டா.
வர்றானுக, இருபதுல தோக்கிறானுக, போறானுக."

ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னேன்.
எந்தப் பிரிவிலும் சேராத ஆட்டம்.
புள்ளித்தாள் கிடையாது;
சுற்றறிக்கையின் பின்பக்கத்தில் கோடு போட்டேன்.
பனியில் மேல்வளையம் பாதிதான் தெரிந்தது.
33–33.
பந்து தேயிலைக்குள் போனது.
பத்துப் பேரும் அதன் பின்னால் இறங்கிவிட்டார்கள்.
நான் மட்டும் மேசையில்,
நேரத்தை நிறுத்த மறந்து.