நான்கு ஆப்புகள்

கப்பலூரில் கப்பல் கிடையாது.
சுங்கச்சாவடி உண்டு, சிட்கோ எஸ்டேட் உண்டு,
நாகூர்கனியின் ஃபைபர் பட்டறை உண்டு.
பட்டறைக்குப் பின்னால்
பழைய லாரி டயர்களின் மேல்
இருபத்தாறு அடி நீளத்துக்கு
நாங்கள் இருக்கிறோம்.

பாம்பனைத் தாண்டிய ஒரு விடியலில்
பாறை ஒன்று படகின் அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்தது.
முழங்கை நீளக் கீறல்.
தன் பனியனை அதில் திணித்துக்கொண்டே
"பயப்படாதே, வாளியை எடு" என்றார் கஸ்பார்.
வாளியை எடுத்தேன். பயப்படவும் செய்தேன்.
இரண்டையும் ஒரே கையால் செய்யலாம்.

பிறகு ஒரு ட்ரெய்லர் லாரி.
மானாமதுரையில் டீக்கு நிறுத்தி
டிரைவர் எங்களுக்கு வைகையைக் காட்டினார்:
"அக்கா, ஆறு."
மணலில் ஏழு எருமைகள், செங்கல்லில் ஒரு ஸ்டம்ப்.

பத்து நாள் வேலை என்றார் கனி.
பத்து மாதம் ஆகிறது.
ரெசின் விலை ஏறுகிறது, பென்ஷன் ஏறவில்லை.

பதினொரு படி ஏணி, மேலே என் சமையல்.
ஆட்டத்துக்கு ஆடிக்கொடுக்கும் கடல் அடுப்பு
அசையாமல் தொங்குகிறது, சீக்காளி மாதிரி.
ரசச் சட்டியை இன்னும் கொக்கியில்தான் மாட்டுகிறேன்.
டம்ளரை விளிம்பில் யார் வைத்தாலும்
என் கை தானாக உள்ளே தள்ளுகிறது.
மூன்று வருஷம் தண்ணீரில் குடித்தனம் நடத்தியவளுக்கு
மேசை என்றால் சாயும்.
கடலில் நாளைக்கு ஒரு குடம் கணக்கு.
இங்கே ஒரு குழாயே இருக்கிறது.
அதை முழுதாகத் திறக்க
கூச்சமாக இருக்கிறது.

கணக்கெடுக்க வந்த பெண் கேட்டாள்: "கதவு எண்?"
படகின் பதிவு எண்ணைச் சொன்னேன்.
"எந்தத் தெரு?"
கஸ்பார் மேலிருந்து
அட்சரேகை தீர்க்கரேகை இரண்டும் சொன்னார்.
அவள் யோசித்து எழுதினாள்: கொட்டகை.

இரவில் டோல்கேட்டில் லாரிகள்
பிரேக் பிடித்து, பெருமூச்சு விட்டு, கிளம்புகின்றன.
கண்ணை மூடினால் முயல்தீவுக் கரை.
மூன்று மணிக்கு எழுந்து
நங்கூரக் கயிற்றை இழுத்துப் பார்க்கிறார்.
மறுமுனை வேப்பமரத்தில் கட்டியிருக்கிறது.
"பிடிச்சிருக்கு" என்று சொல்லிவிட்டுப் படுக்கிறார்.
மரம் நழுவாது என்று
நான் ஒருநாளும் சொன்னதில்லை.

ஒன்றைத் தவிர எல்லாம் சொல்லியிருக்கிறேன்.
வில்லாபுரத்தில் என் தங்கை வீட்டு மாடி காலி என்றேன்,
மட்டமான தரை என்றேன்,
கக்கூசுக்கு ஏணி வேண்டாம் என்றேன்.
அவர் இரண்டு நாள் பித்தளையைத் துடைத்தார்.
கடலில் எங்கள் கோபத்துக்கு
அதிகபட்சம் இருபத்தாறு அடி:
ஒருவர் அணியத்தில், ஒருவர் பின்தலையில்.
கரையிலோ பஸ் இருக்கிறது.
திருமங்கலம் வரை போனேன்.
அரைக் கிலோ சின்ன வெங்காயத்தோடு
இருட்டுமுன் ஏணியேறினேன்.

ஐப்பசியில் கண்மாய் மறுகால் பாய்ந்த இரவு
பட்டறைக்குள் தண்ணீர் வந்தது.
கீழே எங்கும் தவளை. நாய்களைக் காணோம்.
அவர் என் தோளை உலுக்கினார்:
"தூக்குது லோசனி. பின்பக்கம் தூக்குது."
மூச்சைப் பிடித்துக் கேட்டேன்.
முதுகுக்கடியில் பலகை ஒருமுறை
நெடுநாள் பேசாதவர் தொண்டையைச் செருமுவதுபோல
அசைந்தது.
"கண்டெய்னர் போகுது. படுங்க."

விடிந்ததும் நான்தான் முதலில் இறங்கினேன்.
தண்ணீர் கணுக்கால் அளவுக்கு வடிந்திருந்தது.
படகுக்கு முட்டுக் கொடுத்த நான்கு ஆப்புகளில்
ஒன்று கேட்டருகே மிதந்துகொண்டிருந்தது,
யாருடையதோ ஒற்றைச் செருப்போடு.
எடுத்து வந்தேன். பின்பக்கம் செருகினேன்.
தேங்காய் உடைக்கும் கல்லால் இரண்டு அடி.

"நேத்து நிச்சயமா தூக்கிச்சு" என்று இறங்கி வந்தார்.
"நாலும் இருக்கு, எண்ணிக்கோங்க."
குனிந்து எண்ணினார்.
பிறகு கனியிடம்
ரெசின் விலை விசாரிக்கப் போனார்.

நான் அங்கேயே நின்றிருந்தேன்,
உள்ளங்கையில் ஏறிய சிலாம்பைப்
பல்லால் இழுத்தபடி.