நான்காம் கியரில் மட்டும்

முதல் கியரில் உர்ர்.
இரண்டில், அம்மியில் மணல் விழுந்த மாதிரி.
மூன்றில் இன்னும் மேலே ஏறி மூக்கால் பாடும்.
நான்கில் ஒன்றுமில்லை.
சத்தம் போட்டவன் எவனோ
நடுவழியில் இறங்கிப் போனதுபோல.

மா தி தி வின் இதையெல்லாம்
வாயாலேயே செய்து காட்டினாள்,
மழைக்கோட்டைக்கூடக் கழற்றாமல்.
முடோனிலிருந்து மோல்மீன் சந்தைக்கு
வாரம் மூன்று நடை பம்பளிமாஸ்.
எண்பத்து மூன்றாம் வருடத்துக் கொரொல்லா வேகன், பச்சை.
"என் புருஷன் தூக்கத்தில் பல்லைக் கடிப்பான், அகோ.
அவனை உலுக்கி எழுப்பிவிடலாம். இதை?"

ஓட்டிப் பார்ப்போம் என்றேன். அவளே ஓட்டினாள்.
வண்டிகள் வலப்பக்கம் போகும் நாட்டில்
ஸ்டியரிங்கும் வலப்பக்கம்;
லாரியைத் தாண்ட இடப்பக்கத்து ஆள்தான் கண்.
கழுத்தை வெளியே நீட்டி
"போ, போ, இரு" என்றபடி
ஒரு காதைத் தரைக்குக் கொடுத்தேன்.

நியூட்ரலில் நிறுத்தச் சொன்னேன். உர்ர்.
கிளட்சை மிதி. நின்றது.
விடு. வந்தது.
அப்படியென்றால் சக்கரம் இல்லை, டிஃபரன்ஷியல் இல்லை.
நான்காம் கியரில் இஞ்சினின் பலம் நேராகப் போய்விடும்.
மற்ற மூன்றிலும்
கீழே கிடக்கும் லே ஷாஃப்ட்டைச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும்.
சுமக்கிறவன் முனகுகிறான்.
பேரிங் என்றேன், சொடுக்குப் போட்டமாதிரி.
எனக்கே என்னைப் பிடித்திருந்தது.

மறுநாள் குழியில் இறங்கி
ஆயில் பிளக்கில் ஸ்பானரை வைத்தேன்.
கை தயங்கியது.
பிளக்கின் தலையில் அரத்தால் ராவிய மூன்று கோடு.
ஆயில் ஒழுகவில்லை,
கேழ்வரகுக் கூழாய்த் துப்பியது.
விரலில் தேய்த்து முகர்ந்தேன்.
அத்தனை சூட்டில் வெந்த பிறகும்
தேக்கு தேக்காகத்தான் மணக்கிறது.

போன வருடம் இது வெள்ளை வண்டி.
பக்கத்து மரவாடியில் தூள் இலவசம்.
புனல் வைத்து இரண்டு படி ஊற்றினால்
எந்தக் கிழட்டுப் பல்லும் இரண்டு மாதம் வாயை மூடும்.
தரகர் செபஸ்தியான் ஓட்டிப் பார்த்துவிட்டுக் கண்ணடித்தார்.
அந்தப் பணத்தில் கடைக்குத் தகரம் போட்டேன்.
அந்தத் தகரத்தில்தான் இப்போது மழை.

கழற்றினேன்.
ஊசி பேரிங்குகளுக்கு அம்மை போட்ட முகம்.
பித்தளை வளையங்கள் எப்படியோ தப்பித்திருந்தன.
மண்ணெண்ணெயில் மூன்று தரம் கழுவினேன்;
நான்காவது தரமும் ஒரு சிம்பு மிதந்தது.
மியாவதி வழியாக வந்த பேரிங், இரண்டு சீல்,
எண்பதாம் நம்பர் ஆயில், புது பிளக்.
பழையதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்,
ஏனென்று கேட்டால் தெரியாது.

பில்லில் சாமான் விலை மட்டும்.
குறைத்துக் கேட்டால்தான் சந்தேகம் வரும் என்பது
இத்தனை வருடத்தில் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.
"கூலி?"
"வேண்டாம்."
"உள்ளே என்ன இருந்தது?"
"மரத்தூள்."
அவள் என் சட்டைப்பையைப் பார்த்தாள்.
ஈர எண்ணெய் அங்கே வட்டமாகப் பரவியிருந்தது,
ஒரு பிளக்கின் அளவுக்கு.
ஒன்றும் சொல்லவில்லை. சாவியை வாங்கினாள்.
இடப்பக்கக் கதவை உள்ளிருந்து தள்ளித் திறந்தாள்.
ஏறினேன்.

ஒன்று. இரண்டு. மூன்று.
மேட்டை மூன்றிலேயே இழுத்தாள், வேண்டுமென்றே,
பகோடா வளைவு வரைக்கும்.
கியர்பாக்ஸ் வாய் திறக்கவில்லை.
அது அடங்கியதும் மற்றதெல்லாம் கேட்டது:
கதவுக் கண்ணாடி, வைப்பரின் முழங்கை,
நான் எச்சில் விழுங்குவது.

இறக்கத்தில் பின்னாலிருந்து
டொக். கொஞ்சம் பொறுத்து இன்னொரு டொக்.

"அதுவும் நீங்கள் போட்டதா?" என்றாள்,
ரோட்டிலிருந்து கண்ணெடுக்காமல்.

"இல்லை," என்றேன்.
"அது பம்பளிமாஸ் உருளுகிறது."