மேற்படி விலாசம்

குறுக்குத்துறைக் கோயிலை ஆறு மூடிய ராத்திரி
பத்தேகாலுக்குக் கதவைத் தட்டினார்.
பத்து மணிக்குக் கடையை அடைத்துவிடுவான்.
அதற்குப் பிறகு வருகிறவர்கள்
குடித்து முடித்தவர்கள்,
அல்லது குடிக்கக் கிடைக்காதவர்கள்.
இவர் கையைப் பார்த்தேன். கிடைக்காதவர்.

மாநகராட்சி தந்த நோட்டில் கட்டங்கள் உண்டு.
பெயர்: உச்சிமாகாளி.
ஊர்: "முக்கூடல் பக்கம்னு போடும். பக்கம்தான்."
வழக்கு: செம்புக்கம்பி.
பாளை ஜெயிலிலிருந்து ஜாமீனில் வந்து பதினொரு நாள்,
பதினொன்றும் பாலத்துக்கு அடியில்.
இன்று ஆறு வந்து எழுப்பிவிட்டது.
உடைமை: ஒரு சாரம்,
ரப்பர் வளையம் மாட்டிய வாய்தாச் சீட்டுகள்.

"முகவரி?" என்றேன்.
"அதுக்குத்தான்வே வந்தேன்."

தினமும் காலை பத்து மணிக்கு ஸ்டேஷனில் கையெழுத்து.
எங்கே தங்கியிருக்கே என்று கேட்கிறார்களாம்.
"பாலத்துக்கு அடின்னா ஏட்டையா எழுத மாட்டேங்காரு."
நோட்டின் முதல் வரியில் காப்பகத்தின் விலாசம்
முழுதாக இருக்கிறது.
அதற்குக் கீழே எல்லோருக்கும்
மேற்படி, மேற்படி, மேற்படி.
இவருக்கும் போட்டேன்.

போதையில் வருவோருக்கு அனுமதி இல்லை என்ற பலகையை
நனையாத இடம் பார்த்து மாட்டியிருக்கிறார்கள்.
நான் போட்ட சட்டம் வேறு:
ஆள் உள்ளே, குப்பி வெளியே.
மோட்டார் அறைக்குப் பின்னால் சுவரில் ஒரு வரிசை.
ஒருத்தர் குப்பியை இன்னொருத்தர் தொட்டதில்லை.
இத்தனைக்கும்
திருட்டு வழக்கு மட்டும் ஆறு பேருக்கு.

மூன்று மணிக்குப் பதினாலாம் பாயிலிருந்து சத்தம்.
"சொவரெல்லாம் எறும்பு, தட்டிவிடும்வே, தட்டிவிடும்."
சுவரில் சுண்ணாம்புதான் இருந்தது.
தட்டிவிட்டேன்.
சட்டை முழுக்க வேர்வை, தாடை ஆடியது.
நூற்றெட்டுக்குப் போட்டால்
பாலத்தை மறித்திருக்கு, சுற்றித்தான் வரணும்,
ஒன்றரை மணி நேரம் ஆகும் என்றார்கள்.

குடிக்காமல் இருந்தால் நல்லதுதானே
என்றுதான் நானும் நினைத்திருந்தேன்,
போன கார்த்திகையில் ஒருத்தர்
என் மடியில் பல்லைக் கடித்துக்கொண்டு
வெட்டி வெட்டி இழுத்து
அடங்கும்வரை.

மழையில் போனேன்.
வரிசையில் நாலாவது, மிக்கேலுடையது.
மூடியால் அளந்து ஒன்று.
கால்மணி நேரம் பார்த்து இன்னொன்று.
எறும்புகள் இறங்கிப் போயின.
வண்டி வந்தபோது மணி ஐந்து.
நாடி பார்த்த பையன் மோந்தும் பார்த்தான்,
என்னை ஒரு தரம் ஏறிட்டான்,
விடிந்ததும் ஹைகிரவுண்டுக்குக் கூட்டி வாங்க என்றான்.
குறிப்பு என்ற கட்டத்தில்
'உறங்கினார்' என்று எழுதினேன்.

காலையில் மிக்கேல் குப்பியை வெளிச்சத்தில் தூக்கினான்.
குப்பியைப் பார்த்தான்,
என்னைப் பார்த்தான்,
பதினாலாம் பாயைப் பார்த்தான்.
"மழத்தண்ணி எறங்கிட்டு போல" என்றான்,
குறைந்திருந்த குப்பியைப் பிடித்துக்கொண்டு.

அன்றைக்குக் கையெழுத்து நன்றாக விழுந்ததாம்.
ராத்திரி வந்து காற்றில் எழுதிக் காட்டினார்:
'உச்சி' நேரா நின்னுட்டு,
'மாகாளி'தான் லேசா சரிஞ்சிட்டு.
ஆஸ்பத்திரிச் சீட்டையும் காட்டினார்.
மாத்திரை மூன்று வேளை.
நாலு ராத்திரி வந்தார்.
ஐந்தாவது ராத்திரி பாய் காலி.

ஆறாம் நாள் காலையில் வாசலில் பைக் நின்றது.
இளம் போலீஸ்காரர், தொப்பிக்கு மேல் பாலிதீன் பை.
"உச்சிமாகாளிங்கது யாரு?
இந்த விலாசத்துலதான் இருக்காரா?"

நோட்டைத் திருப்பிக் காட்டினேன்.
விரலை வைத்துக்கொண்டே போனார்,
மேற்படி, மேற்படி.
"இருக்காரு.
ஆத்துக்குக் குளிக்கப் போயிருக்காரு."

ஆறு இன்னும் செம்மண்ணாக ஓடுகிறது,
ஐந்து நாளாய் ஒருத்தரும் இறங்கவில்லை.
பாலத்தைக் கடந்துதான் அவரும் வந்திருப்பார்.

பேனாவை மூடினார்.
"பத்துக்குள்ள வந்திரச் சொல்லும்."

மணி ஒன்பதே முக்கால்.