வசனம் இல்லாத ஆள்

வெள்ளி, சனி ராத்திரி ஒன்பதரைக்கு
கொருக்குப்பேட்டை கேட் ஓரம் எங்கள் வீட்டுக்குள்
ஒரு பிணம் வரும்.
டாக்டர் சம்யுக்தா கையுறை மாட்டுவாள்.
முடி ஒன்று கலையாது.
நகத்துக்கு அடியில் கிடைத்த நூலை வைத்தே
கொன்றவன் எந்தத் தெரு என்று சொல்லிவிடுவாள்.
கெசியாவுக்கு அவள் போதும்,
சோறு வேண்டாம்.

இவர் சுவரில் சாய்ந்து பார்ப்பார்.
அவளை இல்லை.
அவளுக்குப் பின்னால் கொஞ்சம் மங்கலாக
வண்டியைத் தள்ளிவந்து நிறுத்திவிட்டுப் போகிற ஒரு ஆளை.
காக்கிச் சட்டை. வசனம் கிடையாது.
கடைசியில் ஓடுகிற எழுத்திலும் பேர் இல்லை.

இவருக்கும் அதே வேலை, ஸ்டான்லியில்.
வந்ததும் நேராகப் பின்பக்கம்.
இரண்டு வாளி,
தண்ணி லாரி வராத நாளிலும் இரண்டு வாளி.
அப்புறம்தான் வாய் திறக்கும்:
கரண்ட் பில், மத்தி விலை,
மணலிக் காற்று இன்றைக்கு என்ன நாறுகிறது.
குடித்திருந்த ஒருநாள் மட்டும் "தையல் வேலை" என்றார்.
கெசியாவின் ஸ்கூல் ஃபாரத்தில்
டெய்லர் என்று எழுதினேன்.
பதினெட்டு வருஷத்தில் அதுதான் பேச்சு.

பதினோராம் வாரம் ஒரு பையனைக் கொண்டுவந்தார்கள்.
ஆறு வயசு இருக்கும்.
பத்து வாரமாக அழாத சம்யுக்தா அழுதாள்.
கெசியாவும் அழுதாள்.
தைக்க எடுத்த ஊசி டாக்டர் கையில் நடுங்கியது.
அப்போதுதான் பின்னாலிருந்து ஒரு கை வந்து
ஊசியை மெதுவாக வாங்கிக்கொண்டது.
கேமரா முதல் தடவை
அந்த ஆளின் முகத்துக்குப் போனது.

இவர் முதுகு சுவரை விட்டது.
"முடிச்சு கரீக்ட்டா போட்றான் பாரு.
யாரோ தெரிஞ்சவங்க சொல்லிக் குட்த்துருக்காங்க."

டாக்டர் கண்ணைத் துடைத்தாள்.
"அண்ணா, உங்க பேர் என்ன?
இத்தனை நாள் நான் கேட்டதே இல்ல."
அந்த ஆள் நிமிர்ந்தான். வாய் திறந்தான்.

கூட்ஸ் வந்துவிட்டது.
பாத்திரம், ஜன்னல், தகரம் எல்லாம் பேசின.
அவன் உதடு மட்டும் அசைந்தது.
கடைசிப் பெட்டி போனபோது
டிவியில் சோப்பு விளம்பரம்.

"பேரு இன்னா சொன்னான்?"
"யாருப்பா?" என்றாள் கெசியா.
பக்கத்து வீட்டுத் தனக்கோட்டியைக் கேட்டார்.
அவர்கள் வேறு சேனல்.
ராத்திரி இரண்டு தடவை எழுந்து தண்ணீர் குடித்தார்.

மறுநாள் மத்தியானம் மறுஒளிபரப்பு.
அவருக்கு டியூட்டி.
பருப்பு மண்டியில் அரைநாள் லீவு சொல்லிவிட்டு வந்து
சத்தத்தை முழுசாக வைத்து உட்கார்ந்தேன்.
கூட்ஸ் வரவில்லை.
அவன் சொன்னான்:
"ரவி மேடம்."

அவ்வளவுதானா.
எழுதினவன் டீ ஆறுவதற்குள் வைத்த பேர் மாதிரி இருந்தது.

சாயங்காலம் முதல் வாளி முடிந்திருந்தது.
தகரக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று சொன்னேன்,
"ரவியாம்."
கொஞ்ச நேரம் தண்ணீர்ச் சத்தம் இல்லை.
"செட் ஆவல," என்றார்.

இரண்டாவது வாளி.

"இன்னிக்கு ஒரு பொம்பள வந்துச்சு, காசிமேட்டாண்டருந்து.
சீட்டுல பேர் தெரியாதுன்னு போட்டுக்கீது.
அந்த மாரி வந்தா நானே ஒண்ணு வெச்சுக்குவேன்.
ஊசி எறங்கறப்போ கூப்புடணும்ல."

கதவில் கைவைத்து நின்றேன்.
சோப்பு வாசனையும்
சோப்பு தாண்டின வாசனையும் வந்தது.

"இன்னா பேரு வெச்ச?"

கேட் மணி அடிக்க ஆரம்பித்தது.
கதவிடுக்கில், நுரைக்கு நடுவே
அவர் வாய் அசைவது தெரிந்தது.
பெட்டிகளை எண்ணினேன்.
நாற்பத்தேழு.
கடைசிப் பெட்டியும் போய்
அதன் சிவப்பு விளக்கும் போய்
தகரம் அதிர்வது நிற்கும்வரை நின்று
மறுபடி கேட்டேன்.