முள் பார்த்தல்

விசைப்படகெல்லாம் முதுநகர்த் துறைமுகத்தில்
மூக்கோடு மூக்கு உரசிக்கொண்டு கிடக்கின்றன.
தடைக்காலம். நாற்பத்திரண்டாவது நாள்.
ஆறே காலுக்கு இறால் கம்பெனி வேன் வந்து
சங்கவியை ஏற்றிக்கொண்டு போய்விட்டது.
வீட்டில் நானும்
பதினோரு மாதத்துத் தர்ஷிகாவும்
இரண்டு கிழங்கானும்.

காசு கொடுத்து வாங்கிய கிழங்கான்.
தேவனாம்பட்டினத்தில் பிறந்தவன்
மீனுக்குப் பேரம் பேசினால் யாருக்கும் சிரிப்பு வரும்.
ஃபைபர் போட்டு கந்தவேலுக்கும் வந்தது.
“புள்ளைக்கா?” என்றான். அப்புறம் சிரிக்கவில்லை.
ஐஸ் படாததாகப் பார்த்து
அவனே பொறுக்கிப் போட்டான்.

அரிசி ஒரு பிடி, பாசிப்பருப்பு அரைப் பிடி,
குக்கரில் ஏழு விசில்.
மீன், இட்லித் தட்டில், ஆவியில்.
மஞ்சள் ஒரு சிட்டிகை. பூண்டு ஒரு பல்.
உப்பு கிடையாது.
ஒரு வயசு முடியட்டும் என்று
அங்கன்வாடியில் சொல்லி அனுப்பினார்கள்.
சங்கவி உப்பு ஜாடியைப் பரணில் ஏற்றிவிட்டாள்
என்னை நம்பாமல்.
நியாயம்தான்.
சட்டை காய்ந்தால் முதுகில்
வெள்ளைக் கோடு விழுகிற உடம்பு இது.
உப்பில்லாமல் ஒன்றை இறக்கி வைப்பது
நங்கூரம் போடாமல் தூங்கப்போவது மாதிரி இருக்கிறது.

இனி முள்.
நடுமுள் நல்ல முள்.
வாலைப் பிடித்துத் தூக்கினால்
சீப்பு மாதிரி மொத்தமாக வந்துவிடும்.
வயிற்றுப் பக்கத்து முள்தான் திருட்டு முள்,
தலைமுடியில் பாதி.
விரலால் தடவித் தேடினேன்.
விரலுக்கு ஒன்றும் தெரியவில்லை.
பத்தொன்பது வருஷம் கயிறு இழுத்த விரல்;
கொதிக்கிற டீ கிளாஸே அதற்குத் தெரியாது.
சங்கவியின் விரலும் அப்படித்தான்.
நாளெல்லாம் ஐஸில் இறால் உரித்து வருகிறவள்
பிள்ளைக்குக் காய்ச்சலா என்று
கன்னத்தை வைத்துத்தான் பார்ப்பாள்.

விரல் போனால் உதடு.
வாயைக் கழுவித் துடைத்துக்கொண்டு
ஒவ்வொரு துணுக்காய்க் கீழுதட்டில் வைத்து
மெல்ல இழுத்தேன்.
பொய்யில்லாமல் சொல்கிறேன்,
வலையில் சிக்கியது என்னவென்று
இருட்டில் கயிற்றிலேயே தெரியுமே,
அப்படித் தெரிந்தது.
ஒன்று. இன்னொன்று.
முதல் மீன் முடிவதற்குள் ஏழு முள்.
அரைமணி நேரம்.
அதற்குள் தர்ஷிகா
முறத்தைக் கவிழ்த்து, சொம்பை உருட்டி,
என் லுங்கியைப் பிடித்து எழுந்து நின்று
தானே ஆச்சரியப்பட்டு
உட்கார்ந்துவிட்டாள்.

குழையப் பிசைந்து ஊட்டினேன்.
ஒரு வாய். முகத்தைச் சுளித்தாள்.
இரண்டு. மூன்று.
நாலாவதில் நிறுத்தினாள்.
மெல்லவில்லை, விழுங்கவில்லை.
எனக்கு வயிறு கலங்கியது.
வாய்க்குள் விரல் விடுவதா, குப்புறப் போட்டுத் தட்டுவதா,
பக்கத்து வீட்டில் கத்துவதா என்று
நான் எழுந்து நின்ற நேரத்தில்
நுனி நாக்கு வெளியே வந்தது.
அதன்மேல்
எட்டாவது முள்.
துணி உலர்த்திக் காட்டுவதுபோல்
நீட்டிக்கொண்டே இருந்தாள்,
இரண்டே பல்லோடு.

எடுத்துக்கொண்டேன்.
அடுத்த வாய்க்கு ஆ என்றாள்.
எனக்குத்தான் கை வரவில்லை.

மாடியில் முளைகட்டிய கேழ்வரகு காய்கிறது.
இன்னும் பத்தொன்பது நாளில் போட்டு கிளம்பிவிடும்.
வறுத்து அரைத்துச் சலித்து
டப்பாவில் போட்டு வைக்க வேண்டும்.
கேழ்வரகில் முள் இல்லை.

ராத்திரி ஏழரைக்கு வேன் வந்தது.
“தின்னாளா?”
“தின்னா.”
முள்ளைப் பற்றி மூச்சு விடவில்லை.
குளித்துவிட்டு வந்து சங்கவி
இரண்டாவது கிழங்கானை ஆவியில் வைத்தாள்.
நான் கொசுவலையின் ஓட்டையைத் தைத்துக்கொண்டிருந்தேன்.
நிமிர்ந்தபோது
அவள் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து
ஒரு துணுக்கை எடுத்து
கீழுதட்டில் வைத்து
மெல்ல இழுத்தாள்.
அப்புறம் இன்னொன்று.
எவ்வளவு வேகம்.
எத்தனை மாதமாகவோ.