ஏழாவது ஷரத்து

தென்கடலில் கச்சான் ஏறிவிட்டது.
பாம்பன் பாலத்துக்கு அடியில் நுழைந்து
வல்லங்கள் வடகடலுக்கு மாறுகின்றன.
மண்டபம் நண்டுக் கம்பெனி மேசையில்
யாரும் தொடாத பழைய ஐந்து கிலோ கல்லின் கீழ்
நாலு பக்கம் ஜெராக்ஸ்.

'இனி ஆசிரியர் எனப்படும் மு. ஜெய்னம்பு...'

பதிமூன்று வருஷமாக நான் கணக்குப்பிள்ளை.
முதல் தடவை அந்த வரியைத் தாண்டவே இல்லை.
கழிப்பறைக் கதவைச் சாத்திக்கொண்டு
இன்னொரு முறை பார்த்தேன்.

இரண்டாவது வாசிப்பைக்
கணக்குப்பிள்ளை எடுத்துக்கொண்டாள்.

முந்நூறு பிரதி.
நூறை நானே வாங்க வேண்டும், பதினாறாயிரம், முன்கூட்டியே.
தலைப்பில் எங்காவது கடல் வரட்டும் என்கிறார்
பதிப்பாளர், போனில். நல்ல குரல்.
என் கவிதை ஒன்றைப் பார்க்காமல் சொன்னார்
ஒரு சொல்லை மாற்றி.
மாற்றியது என்னுடையதைவிட நன்றாக இருந்தது.
'நீங்க கடலோரம்தானே மேடம்?'

கடலோரம்தான் சார்.
ஆனால் நான் எழுதியது அம்மோனியா நெடியை,
கார்பன் தாளின் நீலம் போகாத நகக்கண்ணை,
உச்சிப்புளி பஸ்ஸில்
எவ்வளவு கூட்டத்திலும் காலியாகவே வரும்
என் பக்கத்து இருக்கையை.

ஏழாவது ஷரத்து:
அடுத்த இரண்டு புத்தகங்களும் எங்களுக்கே,
நாங்கள் சொல்லும் விகிதத்தில்.

இது எனக்குத் தெரிந்த வாக்கியம்.
இந்தக் கையால் எழுதியிருக்கிறேன், களஞ்சியத்துக்கு.
வலை வாங்க நாற்பதாயிரம்.
தீரும்வரை அவர் நண்டு வேறு தட்டில் ஏறக்கூடாது,
கிலோவுக்கு முப்பது குறைவு.
ஐந்து வருஷம். மூன்று வலை கிழிந்து மாறிவிட்டது.
நாற்பதாயிரத்துக்கு மட்டும் வயதே ஏறவில்லை.

அந்தப் பணம் இல்லையென்றால்
அந்த வருஷம் அவருக்கு வலையே இல்லை.
அதையும் சொல்ல வேண்டும்.
என்னிடமும் இதுவரை வேறு யாரும் கேட்டதில்லை.

கூடையோடு அவரே வந்தார்.
'என்ன ஆத்தா, கோர்ட்டு நோட்டீசா?'
'புத்தகம் போடுறாகளாம்.'
'எம்புட்டுத் தாராக?'
'நாந்தான் குடுக்கணும்.'
சிரித்ததில் கூடை சரிந்து
ஒரு நண்டு மேசைக்கடியில் ஓடிவிட்டது.

எடை தப்பாக விழுந்தால் ரசீதைக் கிழிக்க மாட்டோம்.
குறுக்கே ஒரே கோடு,
பக்கத்தில் சின்னக் கையெழுத்து.
அடித்தது அடியில் தெரிய வேண்டும்,
நாளைக்கு யாரும் வந்து கேட்கலாம்.
ஏழை அப்படி அடித்தேன்.
நூறை முப்பது ஆக்கினேன்.
கடலை ஒரு கவிதையில் சேர்க்கிறேன் என்று ஓரத்தில் எழுதி
அதையும் அடித்தேன்.
அவர் மாற்றிச் சொன்ன சொல்லை வைத்துக்கொண்டேன்.
அதற்கு அவர் விலை சொல்லவில்லை.

கடைசிப் பக்கத்தில்
'கம்பெனிக்காக' என்று எழுதப் போய்
பேனா நின்றது.
கையெழுத்து போடாமலே படம் பிடித்து அனுப்பினேன்.

நாலரைக்குப் பதில்: 'பார்க்கலாம்.'

இங்கே வியாபாரி பார்க்கலாம் என்றால்
பொழுது சாய்வதற்குள் பத்து ரூபாய் இறங்கும்.
கடல்காரர் பார்க்கலாம் என்றால்
வேதாளையில் வேறு தட்டு பார்த்துவிட்டார்.
சென்னையில் அந்தச் சொல்
எத்தனை கிலோ என்று எனக்குத் தெரியாது.

மேசைக்கடியில் இன்னும் பிறாண்டுகிறது அந்த நண்டு.
தராசைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து
அடுத்த கூடையை ஏற்றச் சொல்கிறேன்.
கூடை போக, பதினொன்று நானூறு.