கழுநீர்

செப்டம்பர் வந்துவிட்டது, மழை வரவில்லை.
தக்குவாரெம்போவிலிருந்து வால்தெமார்
செவ்வாய்தோறும் லாரியில் தண்ணீர் கொண்டுவருகிறான்.
ஆயிரம் லிட்டருக்கு அவன் சொன்ன விலையைக் கேட்டு
நாய்கூட எழுந்து நின்றது.

வேலிக் கம்பத்தின் தலையில்
ஒர்னேரோ இணை ஒன்று கூடு தொடங்கியிருந்தது.
துருப்பிடித்த ஆணியின் நிறம்.
அடுப்புக்காரன் என்று பொருள் அந்தப் பேருக்கு:
மண்ணும் வைக்கோலும் சாணமும் குழைத்து
ரொட்டி சுடும் அடுப்பைப் போலவே கட்டும்.
அடித்தளம் போட்டாயிற்று. நாலு விரல் சுவரும் ஆயிற்று.
அங்கே நின்றது வேலை.
சேறில்லை.

இருபது நாள்
அரைச் சுவரின்மேல் ஏறி நின்று
இரண்டும் சேர்ந்தே சிறகடித்துக் கத்தின,
கடன் கிடைக்காமல் நின்றுபோன வீட்டை
ஞாயிறுதோறும் பார்க்க வரும் கணவன் மனைவி போல.

நான் கணக்குப் பார்ப்பவன்.
மாடுகளை ஆற்றோரம் மச்சான் நிலத்துக்கு ஓட்டியாயிற்று.
மிச்சம் இரண்டு ஆள், ஒரு குதிரை, ஒன்பது கோழி, நாய்.
தொட்டியின் உட்புறம் கரித்துண்டால் கோடு போட்டுவைத்தேன்.
தண்ணீர் இறங்கியது,
என் கணக்கைவிட இரண்டு விரல் கூடுதலாக.

சுல்மாவைக் கேட்டேன்.
குழாய் ஒழுகுகிறது, போய்ப் பார் என்றாள்.
தினமும் என்ன சவரம், கல்யாணமா உனக்கு என்றாள்.
கோழிகளையும் விடவில்லை, உரக்கத் திட்டினாள்.
மேய்ச்சலில் ஆள்காட்டிக் குருவி இப்படித்தான்:
முட்டை இல்லாத பக்கமாக ஓடி நின்று
ஊரைக் கூட்டும்.
எனக்கு அப்போதே புரிந்திருக்க வேண்டும்.

ஒரு மதியம்
குதிரையின் லாடம் கழன்று விழுந்த இடம் தேடி
குனிந்தபடியே வருகிறேன்,
காற்றாலைக்குக் கீழே, நிழலில்,
தட்டளவு ஈரம்.
சுற்றிலும் குச்சிக் குச்சியாய்க் கால்தடங்கள்.
பக்கத்தில் பாத்திரம் கழுவும் அலுமினியப் பேசின்,
கவிழ்த்து வைத்தபடி.
சேற்றில் வெளுப்பாக ஒரு சோற்றுப் பருக்கை.

நான் ஒன்றும் கேட்கவில்லை.
அவளும் ஒன்றும் சொல்லவில்லை.
முப்பத்தொரு வருஷமாக
இப்படித்தான் பேசிக்கொள்கிறோம்.

மாத்தே குடிக்கப் பக்கத்துப் பண்ணை ஒலெகாரியோ வந்தான்.
பக்தியுள்ள பறவை அது,
ஞாயிற்றுக்கிழமை மண் தொடாது என்றான்.
அன்று ஞாயிறு.
அவன் முதுகுக்குப் பின்னால்
கோலிக்குண்டளவு சேற்றை அலகில் வைத்துக்கொண்டு
ஒன்று போக, ஒன்று வர.
ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினேன்.

அவன் போனதும்
கெட்டிலில் மிஞ்சிய வெந்நீரை ஆறவைத்து
யாரும் பார்க்கவில்லை என்று பார்த்துக்கொண்டு
அந்தத் தட்டளவு ஈரத்தில் ஊற்றினேன்.
திரும்பினால்
சமையலறை ஜன்னலில் திரை ஆடுகிறது.
காற்றே இல்லை.

அக்டோபர் கடைசியில் கூரை கூடியது.

மழை நவம்பரில் வந்தது,
கேட்டதற்கும் மேலே.
கோழிக் கொட்டகையின் தகரம் பறந்தது.
யூகலிப்டஸ் கிளை முறிந்து,
பச்சைக்கிளிகள் ஐந்தாறு வருஷமாய்ச் சேர்த்த முள்பொதி
முற்றத்தில் வந்து விழுந்தது.
விடிந்ததும் நான் முதலில் பார்த்தது கம்பத்தைத்தான்,
தகரத்தை அல்ல.
அடுப்பு அங்கேயே இருந்தது, நிறம் மட்டும் கருத்து.

ஆனால் இதையும் சொல்ல வேண்டும்:
வாசலை அவை சாலைப் பக்கம் வைத்துவிட்டன.
இத்தனை தண்ணீருக்கும் எங்களுக்குத் தெரிவது
மண்முதுகு மட்டும்.
சுற்றிப் போய் எட்டிப் பார்த்தாலும்
உள்ளே ஒரு தடுப்புச் சுவர் வளைந்து மறைக்கிறது,
அதற்கப்பால் இருட்டு.

முட்டை நான்கு என்கிறாள் சுல்மா.
எப்படித் தெரியும் என்றால்
குழாய் ஒழுகுகிறது,
போய்ப் பார் என்கிறாள்.